மலையிலிருந்து இறங்கும் மண்

(புவியியல் மன்றம், பத்தாம் வகுப்பு மாணவியர்)

மன உறுதி உடைய ஒருவரைக் கண்டால் "மலை போல நிற்கிறார்" என்று சொல்வது நம் வழக்கம். ஆனால் புவியியல் கற்கத் தொடங்கியவர்களுக்கு மலை அப்படி நிற்பதில்லை என்பது விரைவிலேயே தெரிந்துவிடுகிறது. வெயில் அதனை வெடிக்கச் செய்கிறது. மழை அதனைக் கரைக்கிறது. ஓடை அதனைச் சிறிது சிறிதாகச் சுமந்து செல்கிறது. நம் கண்ணுக்கு எட்டாத மெதுவான வேகத்தில் மலை கடலை நோக்கிப் பயணம் செய்துகொண்டே இருக்கிறது. அந்தப் பயணத்தில் சில வேளைகளில் மட்டும் ஓர் ஆயிரம் ஆண்டு வேலை ஒரே இரவில் முடிந்துவிடுகிறது. அதையே நிலச்சரிவு என்கிறோம்.

இவ்வாண்டு எங்கள் வகுப்பில் எழுந்த ஒரு வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. பாடத்தில் பாறைச் சிதைவு, அரிப்பு, படிவு என்று மூன்று தலைப்புகள் உள்ளன. நிலச்சரிவு இம்மூன்றில் எதனைச் சேர்ந்தது? "மண் போய்விடுகிறது, எனவே அரிப்பு" என்றனர் சிலர். "மண் வந்து குவிகிறது, எனவே படிவு" என்றனர் வேறு சிலர். ஆசிரியை உடனே விடை கூறவில்லை. "தேடிப் பாருங்கள், கண்டதை ஆண்டு மலருக்கு எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

இது தேர்வுக்காக மட்டும் எழுந்த வினா அன்று. நம் விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியருள் சிலருடைய வீடுகள் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் அவர்களுக்கு இரவில் உறக்கம் வருவதில்லை. காரணம் என்னவென்று நீலகிரியின் அண்மைக் கால வரலாற்றைப் படித்தபோது எங்களுக்கு விளங்கியது.

சிதைவு, அரிப்பு, சரிவு

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். பாறை இருந்த இடத்திலேயே உடைவதும், பொடிவதும், மக்கிக் களிமண்ணாவதும் சிதைவு. சிதைந்த பொருளை வேறொன்று எடுத்துச் செல்வது அரிப்பு. எடுத்துச் சென்றது சோர்ந்துபோய் இறக்கி வைப்பது படிவு. அரிப்புக்கு எப்போதும் ஒரு சுமைகூலி வேண்டும். ஓடும் நீர், காற்று, பனியாறு, கடலலை ஆகியவையே அந்தச் சுமைகூலிகள்.

நிலச்சரிவுக்குச் சுமைகூலி வேண்டியதில்லை. மண்ணும் பாறையும் தம் எடையினாலேயே, அதாவது புவியீர்ப்பினாலேயே, மொத்தமாகக் கீழே இறங்குகின்றன. மழை பெய்துதானே சரிகிறது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே நீர் மண்ணைச் சுமந்து செல்லவில்லை. மண்ணைப் பிடித்து வைத்திருந்த பிடியைத் தளர்த்திவிடுகிறது, அவ்வளவே. ஆகவே அறிஞர்கள் நிலச்சரிவைச் சிதைவுக்கும் அரிப்புக்கும் இடையே தனியாக வைத்துப் பேசுகின்றனர். சிலர் அரிப்பு என்னும் சொல்லை விரித்துச் சரிவையும் அதனுள் அடக்குவதுண்டு. எங்களுக்கு முன்னதே பொருத்தமாகப் படுகிறது. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

இதனை வீட்டு முற்றத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். உலர்ந்த ஆற்று மணலை ஒரு தட்டில் மெதுவாகக் கொட்டினோம். குவியல் உயர்ந்துகொண்டே போகவில்லை. ஒரு சரிவுக்கு மேல் மணல் தானாகவே வழிந்து இறங்கியது. கோணமானியால் அளந்ததில் அந்தச் சரிவு ஏறத்தாழ 33 பாகை. இன்னும் எத்தனை பிடி கொட்டினாலும் குவியல் அகலமாயிற்றே தவிர, செங்குத்தாகவில்லை. பின்பு மணலில் சிறிது நீர் தெளித்தோம். இப்போது சுவர் போல நிமிர்த்தி வைத்தாலும் நின்றது. சிறுவயதில் மணல்வீடு கட்டி விளையாடிய எவர்க்கும் இது தெரியும். மணல் துகள்களுக்கிடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கிறது. மூன்றாவதாக, அதே குவியலின் மேல் ஒரு செம்பு நீரை ஊற்றினோம். துகள்களுக்கிடையே இருந்த காற்றெல்லாம் வெளியேறி, இடைவெளி முழுவதும் நீர் நிறைந்தது. அந்த நீர் துகள்களை விலக்கித் தள்ளியது. மணல்வீடு கூழாகித் தட்டின் ஓரம்வரை பரவிற்று.

சிறிது நீர் நண்பன், மிகுந்த நீர் பகைவன். மலைச்சரிவின் கதை முழுவதும் அந்த ஒரு தட்டில் அடங்கியிருந்தது.

நீலகிரியின் தோல்

நீலகிரி மலையின் எலும்பு சார்னோகைட் என்னும் மிகக் கடினமான பாறை. இப்பெயருக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக்குச் சென்னையிலிருந்து ஒரு கல் கொண்டு போகப்பட்டது. அந்தக் கல்லின் வகைக்கே ஹாலந்து என்னும் புவியியலார் 1893ஆம் ஆண்டில் இப்பெயரை இட்டார். சென்னையில் பரங்கிமலைக்கு யாத்திரை போயிருப்பவர்கள் அதே பாறையின் மீதுதான் படியேறியிருக்கிறார்கள்.

எலும்பு கடினம். ஆனால் தோல் அப்படியன்று. வெப்பமும் ஈரமும் மாறி மாறித் தாக்கியதால் நீலகிரியின் பாறை மேலிருந்து கீழாக மக்கிக்கொண்டே வந்திருக்கிறது. மேலே சிவந்த மண், அதன் கீழே வெளிறிய வழுக்கும் களிமண், அதற்கும் கீழே பாதி மக்கிய பாறை, ஆழத்தில் பச்சைப் பாறை. இந்தத் தோல் சில இடங்களில் ஒரு மீட்டர்கூட இல்லை. சில இடங்களில் 30, 40 மீட்டர் வரை இருக்கிறது. மேல் மண்ணில் நீர் எளிதாக இறங்கும். களிமண்ணிலோ அடிப்பாறையிலோ வந்து நின்றுவிடும். அங்கே தேங்கும் நீரே சரிவுக்கு வழுக்குப் பலகையாகிறது.

நீலகிரிக்கு மழை இருபுறமிருந்தும் வருகிறது. மேற்கே குந்தா, அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. கிழக்கே குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. அவலாஞ்சி என்னும் பெயரே சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான். 1800-களின் தொடக்கத்தில் அங்கே நிகழ்ந்த பெரியதொரு சரிவினால் அந்தப் பெயர் வந்தது. அதே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8ஆம் நாளில் 24 மணி நேரத்திற்குள் 900 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று.

2009 நவம்பரில் பெய்த மழையை மலைவாசிகள் இன்றும் மறக்கவில்லை. நவம்பர் 10ஆம் நாள் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவாயிற்று. இந்த எண்ணைச் சும்மா படித்துவிட்டுப் போகாமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ நீர். அப்படியானால் ஒரு ஹெக்டேர் தேயிலைத் தோட்டத்தின் மீது அன்று விழுந்த நீரின் எடை 8,200 டன். பத்து டன் லாரிகளாக எண்ணினால் 820 லாரிகள். எல்லாமே மண்ணுக்குள் இறங்கிவிடுவதில்லை, பெரும்பகுதி ஓடிவிடும். ஆயினும் ஏற்கெனவே பல நாள் மழையில் நனைந்து கனத்திருந்த சரிவு எவ்வளவைத்தான் தாங்கும்? அந்தச் சில நாட்களில் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சரிவுகள் நிகழ்ந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரயில் பாதை பல இடங்களில் மூடிப்போயிற்று.

அதற்கு முன்பு 1978, 1979ஆம் ஆண்டுகளிலும் இப்படியே ஏராளமான சரிவுகள். 1993 நவம்பரில் குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே மலை இடிந்து, சாலையையும் அதில் சென்றவர்களையும் பள்ளத்தாக்குக்குள் கொண்டு போயிற்று.

அடியை அரித்தால் தலை சரியும்

இனி, அரிப்புக்கும் சரிவுக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். அரிசி மூட்டை அடுக்கின் அடியிலிருந்து ஒரு மூட்டையை உருவினால் என்ன ஆகும்? மேலுள்ளவை சாய்ந்து விழும். மலையோடை செய்வதும் அதுவே. ஓடை தன் கரையின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே போகிறது. அடி போனதும் மேற்சரிவு பிடிப்பிழந்து இறங்குகிறது. இறங்கிய மண்ணை ஓடை எடுத்துச் சென்றுவிடுகிறது. அடி மறுபடி வெறுமையாகிறது. மறுபடி அரிப்பு, மறுபடி சரிவு. மலைப் பள்ளத்தாக்குகள் அகலமாவது பெரும்பாலும் இப்படித்தான். ஆறு ஆழத்தை வெட்டுகிறது, சரிவு அகலத்தைக் கொடுக்கிறது.

மனிதர் சாலையோ வீட்டு மனையோ வெட்டும்போது செய்வதும் இதே வேலைதான். ஓடை பல நூறு ஆண்டுகளில் அரிக்கும் அடிவாரத்தை ஜே.சி.பி. இயந்திரம் ஒரு பகற்பொழுதில் வெட்டி எடுத்துவிடுகிறது. 2009ஆம் ஆண்டுச் சரிவுகளில் மிகப் பல, சாலைக்கும் இரயிலுக்கும் வெட்டிய ஓரங்களிலேயே நிகழ்ந்தன. வெட்டிய மண்ணை எங்கே கொட்டுகிறோம் என்பதும் முக்கியம். பக்கத்துச் சரிவின் தலையில் கொட்டினால் அடியில் வெட்டியதோடு தலையிலும் பாரம் ஏற்றியதாகும். வடிகால் குழாயைக் கல்வெட்டுக்குக் கீழே மண் மூட விட்டுவிட்டால் ஓடை தன் வழியை விட்டுச் சரிவுக்குள் புகும். இவை எல்லாம் பெரிய விஞ்ஞானம் அல்ல. ஆனால் இவற்றைக் கவனிக்காத இடங்களில்தான் மலை இடிகிறது.

மேற்பரப்பில் மட்டும் அரிப்பு நிகழ்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. கேரளத்து மலைகளில் தரைக்குள்ளேயே நீர் குழாய் போல வழி குடைந்து, மெல்லிய மண்ணைக் கரைத்து வெளியேற்றுவதைக் கண்டறிந்திருக்கிறார்கள். மேலே புல் பச்சையாக இருக்கும். கீழே வெறும் பொந்து. ஒரு நாள் தரை உள்வாங்கும்போதுதான் தெரியவரும்.

இவற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது எங்களைச் சற்றுத் திகைக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. மண்ணரிப்பைத் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். படிக்கட்டு முறையில் வயல் அமைக்க வேண்டும், சரிவுக்குக் குறுக்கே வரப்பும் குழியும் வெட்டி நீரை நிறுத்த வேண்டும், நீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும். உதகமண்டலத்தில் 1954ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மண்வள ஆராய்ச்சி நிலையம் உருளைக்கிழங்கு விவசாயிகளுக்குக் கற்பித்தவற்றுள் இவையும் அடங்கும். மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்தால் ஒவ்வொரு மழைக்கும் வளமான மேல்மண் ஓடிவிடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆழமாக மக்கிய, மிகச் செங்குத்தான சரிவில் நீரை நிறுத்தி உள்ளே இறக்கினால் அது களிமண் மேல் தேங்கி, சரிவையே தளர்த்திவிடலாம். ஓடும் நீரினால் வருவது அரிப்பு. உள்ளே தேங்கும் நீரினால் வருவது சரிவு. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகக்கூடும். எனவே அத்தகைய சரிவுகளில் படிக்கட்டு வயல் இருந்தால், தேங்காமல் நீரை ஒருபுறமாக அழைத்துச் சென்று கல் பாவிய ஓடையில் சேர்க்கும் வடிகாலும் கூடவே இருந்தாக வேண்டும். அரிப்பும் சரிவும் ஒன்றல்ல என்று நாங்கள் முன்னர் கூறியது இதனாலேயே.

மரங்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். வேர்கள் மண்ணைத் தைத்துப் பிடிக்கின்றன. வெட்டிவேர் மூன்று மீட்டர் ஆழம்கூடப் போகும். மரத்தை வெட்டியவுடன் மலை சரிவதில்லை, ஏனெனில் இறந்த வேரும் சில ஆண்டுகள் பிடித்திருக்கும். அது மக்கிய பிறகுதான் ஆபத்து. அதற்குள் வெட்டியவரையும் மறந்துவிடுகிறோம், வெட்டியதையும் மறந்துவிடுகிறோம். ஆனால் வேர் எட்டாத இருபது மீட்டர் ஆழத்தில் வழுக்கும் சரிவை எந்த மரமும் நிறுத்தாது. மரம் நட்டால் போதும் என்று சொல்பவர்களோடு நாங்கள் முழுவதும் உடன்படுவதற்கில்லை.

கொட்டிய இடமும் குடியிருந்த இடமும்

மலையடிவாரத்தில் சமதளமாக ஓர் இடம், பக்கத்தில் ஓடை, கருப்பான வளமான மண். வீடு கட்ட இதைவிட நல்ல இடம் உண்டா? ஆனால் செங்குத்தான மலைகளின் நடுவே அந்தச் சமதளம் எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். பல இடங்களில் அது முன்னொரு காலத்துச் சரிவு கொண்டுவந்து கொட்டிய படிவு. ஓடை மலையை விட்டு வெளியே வரும் வாயில் விசிறி போல விரிந்து கிடக்கும். ஒருமுறை அவ்வழியே வந்த மண் மறுமுறையும் அவ்வழியே வரலாம்.

பழைய சரிவின் படிவை அடையாளம் காண்பது கடினமன்று. ஆறு கொண்டுவந்த படிவு, பாட்டி முறத்தில் புடைத்து வைத்தது போல வகைபிரிந்திருக்கும். உருண்டைக் கல் ஓரிடம், கூழாங்கல் ஓரிடம், மணல் ஓரிடம், வண்டல் ஓரிடம். வேகம் குறையக் குறைய ஆறு பெரியதை முதலிலும் சிறியதைப் பின்னரும் இறக்குகிறது. கற்களின் முனைகளும் தேய்ந்து வழவழப்பாயிருக்கும். சரிவின் படிவு அப்படியன்று, மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல இருக்கும். வீடு பெரிய பாறையும், கைப்பிடிக் கல்லும், களிமண்ணும், மரத்துண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். கற்களின் முனைகள் கூராக இருக்கும். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது இப்படிப்பட்ட மண் வந்தால் சற்று நின்று மேலே மலையை அண்ணாந்து பார்ப்பது நல்லது.

வயநாட்டில் 2024 ஜூலை 30ஆம் நாள் பின்னிரவில் நிகழ்ந்தது நம் எல்லோர்க்கும் தெரியும். 1,500 மீட்டருக்கும் மேல் உயரத்தில் தொடங்கிய சரிவு, ஓடைக்குள் விழுந்து, நீரோடு கலந்து, குழம்பாகி, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடியது. புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்கள் அதன் வழியில் இருந்தன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலருடைய உடல்கள் வெகு தொலைவில், நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றில் கிடைத்தன. அதே முண்டக்கையில் 1984ஆம் ஆண்டிலும் ஒரு சரிவு நிகழ்ந்து உயிர்கள் போயிருந்தன. அருகிலுள்ள புத்துமலையில் 2019 ஆகஸ்டில் நிகழ்ந்தது.

அதற்கு முன்பே, 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளின் மேல் மலை இறங்கியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பத்தினர். இலங்கையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலும் 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலையில் லயன் வரிசைகளே புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்று அந்நாட்டுக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் அங்கிருந்து வந்து நீலகிரியில் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களுக்கு அது அயல்நாட்டுச் செய்தியாக இருந்திருக்காது.

லயன் வீடுகள் ஏன் இத்தனை முறை இச்செய்திகளில் வருகின்றன? நல்ல சரிவுகளெல்லாம் தேயிலைக்கு ஒதுக்கப்பட்டன. ஓடைக்கரையும் பள்ளத்து விளிம்பும் தொழிலாளர் வரிசைகளுக்குக் கிடைத்தன. தண்ணீர் எடுக்க வசதி என்பதும் ஒரு காரணம். இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அங்கே குடியிருக்கவில்லை. மண்ணைப் பற்றி எழுத வந்த நாங்கள் இதை எழுதாமல் விட முடியவில்லை.

மலை சொல்லும் சொற்கள்

பெரும்பாலான சரிவுகள் முன்னறிவிப்பு இல்லாமல் வருவதில்லை. தரையிலும் சுவரிலும் புதிய வெடிப்புகள் தோன்றும். அவை நாளுக்கு நாள் அகலும். நேராக நின்ற மின்கம்பமும் வேலிக்கல்லும் மரமும் சாயத் தொடங்கும். கதவு நிலையில் இறுகும். ஊற்று இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பும். தெளிவாக ஓடிய நீர் திடீரெனச் செம்மண் கலங்கலாக வரும்.

விடுதிக்கு மகளைப் பார்க்க வந்த ஒரு தந்தையிடம் இதைப் பற்றிக் கேட்டோம். முப்பது ஆண்டுகளாகத் தோட்டத்தில் வேலை செய்பவர் அவர். "கலங்கல் வந்தாக்கூடப் பரவாயில்லேம்மா. கொட்டுற மழையில ஓடை திடீர்னு வத்திப் போச்சுன்னா, அப்ப நிக்கவே கூடாது" என்றார். ஏன் என்று அவர் விளக்கவில்லை. நாங்களே யோசித்தோம். மழை பெய்யும்போது ஓடை வற்றுகிறது என்றால், மேலே எங்கோ சரிவு விழுந்து ஓடையை அணை போட்டு அடைத்திருக்கிறது. அந்த மண் அணை சற்று நேரத்தில் உடையும்.

இப்படிப்பட்ட அணை எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதற்கு இமயமலையில் ஒரு சான்று உண்டு. 1893 செப்டம்பரில் கட்வால் பகுதியில் கோனா என்னும் ஊருக்கருகே ஒரு மலைப்பக்கமே பிரஹி கங்கை ஆற்றில் விழுந்தது. சுமார் 900 அடி உயரத்துக்கு மண்ணும் கல்லும் குவிந்து, அதன் பின்னால் ஏரி நிரம்பத் தொடங்கியது. அதனை உடைக்கவோ அகற்றவோ இயலாது என்று கண்ட பொறியாளர்கள், அது நிரம்பி வழியும் நாளைக் கணக்கிட்டனர். ஏரியிலிருந்து ஆற்றோரம் நெடுகத் தந்திக் கம்பி இழுத்தனர். ஊர்களைக் காலி செய்தனர். 1894 ஆகஸ்ட் 25ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி அணை உடைந்தது. ஸ்ரீநகர் என்னும் கட்வால் நகரம் அழிந்தது. உயிரிழந்தவர்கள் ஐவர் மட்டுமே. அவர்களும் முன்பு அப்புறப்படுத்தப்பட்டுத் திரும்பி வந்தவர்கள். தொலைபேசியும் வானொலியும் இல்லாத காலத்தில், ஒரு தந்திக் கம்பியும் ஒழுங்கான கணக்கும் ஆயிரக்கணக்கானோரைக் காத்தன.

ஏரியில் எஞ்சியிருந்த பகுதி 1970 ஜூலையில் பெருமழையில் உடைந்தது. அவ்வெள்ளம் கொண்டு போன வண்டல், வெகு தொலைவில் ஹரித்வாரில் கங்கைக் கால்வாயை அடைத்துக்கொண்டது. மலையில் காடு அழிந்ததற்கும் சமவெளியில் கால்வாய் தூர்ந்ததற்கும் உள்ள தொடர்பை அவ்வூர் மக்கள் அந்த வெள்ளத்தில் நேராகக் கண்டனர். சில ஆண்டுகளில் அங்கே சிப்கோ இயக்கம் பிறந்தது. 1974 மார்ச்சில் ரேணி என்னும் சிற்றூரில் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து நின்றவர்கள் கௌரா தேவியும் அவருடன் வந்த பெண்களும் சிறுமியரும். ஆண்கள் அன்று ஊரில் இல்லை.

இன்று தந்திக் கம்பிக்குப் பதிலாகச் செயற்கைக்கோளும் மழைமானியும் இருக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 2024 ஜூலையில் கொல்கத்தாவில் நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் ஒன்றைத் தொடங்கியது. அறிவிப்புகள் முதன்முதலில் வெளியான மாவட்டங்களுள் நீலகிரியும் ஒன்று. அறிவிப்பு மலையடிவாரத்து லயன் வீடுவரை, இரவு பதினோரு மணிக்கு, மின்சாரம் இல்லாத வேளையில் எப்படிப் போய்ச் சேரும் என்பதே இனி உள்ள கேள்வி.

ஆறு எடுத்துச் செல்லும் மிச்சம்

சரிந்த மண் அடிவாரத்திலேயே நிலைத்துவிடுவதில்லை. இங்குதான் சரிவு தன் பொறுப்பை அரிப்பிடம் ஒப்படைக்கிறது. கடினமான பாறையை அரிக்க ஓடைக்கு வெகு காலம் ஆகும். சரிந்து தளர்ந்த மண்ணை அள்ளுவதோ எளிது. ஒரு பெரிய சரிவுக்குப் பின் பல ஆண்டுகள் அந்த ஓடை கலங்கலாகவே ஓடும். குன்னூர்ப் பக்கத்து மண் கல்லாற்று வழியே மேட்டுப்பாளையத்தருகே பவானியை அடைகிறது. கல்லாறு என்னும் பெயரைப் பாருங்கள், அதில் இறங்கி நடப்பவர்களுக்கு அதன் பொருள் காலிலேயே தெரியும். மலை இரயில் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி வீதம் ஏறத் தொடங்குவதும் அங்கேதான். அந்த ஏற்றம் முடிந்து தரை தட்டையாகும் இடத்தில் ஆற்றின் வேகம் குறைகிறது, கற்கள் நின்றுவிடுகின்றன. மணலும் வண்டலும் மேலே போகின்றன.

குந்தாப் பக்கத்து மண் மின்சார அணைகளில் தங்குகிறது. பில்லூர் அணையில் வண்டல் மிகுதியாகச் சேர்ந்துவிட்டது. கோயம்புத்தூர் மக்கள் குடிப்பது அந்த அணை நீரை. அவலாஞ்சியில் பெய்யும் மழைக்கும், கோவையில் ஒரு தாய் குழாயடியில் பிடிக்கும் கலங்கல் குடத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை இதற்குமுன் நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. அதற்கும் கீழே 1955ஆம் ஆண்டு கட்டி முடித்த பவானிசாகர். அங்கே மோயாறும் தன் பங்கு மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதைத் தாண்டிய நீர் பவானி நகரத்துக் கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது.

தஞ்சை மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காவிரி கொண்டுவந்தது என்போம். காவிரிக்குக் கொடுத்தது யார்? குடகும் வயநாடும் நீலகிரியும் சிதைந்தும் அரிக்கப்பட்டும் சரிந்தும் கொடுத்தவையே. மலையடிவாரத்தில் ஒரு தலைமுறைக்கு அழிவாக இருந்த அதே மண், கடலோரத்தில் பல நூறு தலைமுறைகளுக்குச் சோறாயிற்று. இன்று அந்த வரத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை எழுந்தபின் குடகிலிருந்தும் கபினியின் வழியே வயநாட்டிலிருந்தும் வரும் வண்டல் அணைக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. கழிமுகத்தில் கடல் தன் அரிப்பைத் தொடர்ந்து செய்கிறது. ஈடுகட்டப் போதிய மண் ஆற்றில் வருவதில்லை.

2017ஆம் ஆண்டு கோடையில் மேட்டூர் அணை வற்றிக் கிடந்தபோது, படிந்திருந்த வண்டலை விவசாயிகள் தங்கள் வயலுக்கு இலவசமாக அள்ளிச் செல்ல அரசு அனுமதித்தது. குடகு மலையிலிருந்து இறங்கி, எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீருக்கடியில் காத்துக் கிடந்த மண், மீதிப் பயணத்தை டிராக்டரில் ஏறித் தொடர்ந்தது.